அமீலியா ஏர்ஹார்ட்: ஹௌலாண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தார்? பெட்ரோல் கணக்கும் ரேடியோ குளறுபடியும்

#1 வெண்மேகம்
1937இல் உலகைச் சுற்றிப் பறந்தபோது பசிபிக்கில் காணாமல் போன அமெரிக்க விமானி அமீலியா ஏர்ஹார்ட். வருஷத்துக்கு ஒருமுறை "அமீலியாவின் விமானம் கிடைத்துவிட்டது" என்று செய்தி வந்துவிடுகிறது. 2024 ஜனவரியில் சோனார் படம் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. அதே ஆண்டு நவம்பரில் அது வெறும் பாறை என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் அடங்கிப்போனது.
பேய்க்கதை, உளவுக்கதை எல்லாம் வேண்டாம். அவருக்காகக் காத்திருந்த கப்பலின் லாக் (ரேடியோ செய்திக் குறிப்பு) புத்தகத்தில் எழுதியிருப்பதை வைத்து மட்டும் பேசலாமா? எனக்குப் புரியாதவை மூன்று. கடைசி நேரத்தில் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? கப்பல் அவர் குரலைத் தெளிவாகக் கேட்டது, அவருக்குக் கப்பல் கேட்கவில்லை, அது எப்படி? அவருடைய கடைசிச் செய்தியில் வரும் "157-337" என்றால் என்ன?

#2 திசைமானி
முதலில் அடிப்படைத் தகவல், பிறகு சண்டை போடலாம்.
விமானம் லாக்ஹீட் எலெக்ட்ரா 10இ, பதிவெண் என்ஆர்16020. இரண்டு பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 600 குதிரைத்திறன். பயணிகள் இருக்கைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெட்ரோல் டேங்குகளை அடுக்கியிருந்தார்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் 1,150 அமெரிக்க கேலன்.
1937 மார்ச்சில் மேற்கு நோக்கிப் புறப்பட்ட முதல் முயற்சி ஹவாயிலேயே முடிந்தது. டேக்-ஆஃபில் விமானம் தரையிலேயே சுழன்று சேதமானது. பழுது பார்த்த பிறகு திசையை மாற்றி, ஜூன் 1 அன்று மயாமியிலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்தார்கள். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், டார்வின் எல்லாம் தாண்டி நியூ கினியாவின் லே. அங்கிருந்து ஜூலை 2 காலை 10 மணிக்கு, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 0 மணிக்கு, புறப்பட்டார்கள். விமானத்தில் அமீலியாவும் வழிகணிப்பாளர் ஃபிரெட் நூனனும் மட்டும். நூனன் சாமானிய ஆள் இல்லை. பான் அமெரிக்கன் கம்பெனிக்குப் பசிபிக் வழித்தடம் போட்டவர்.
போக வேண்டிய இடம் ஹௌலாண்டு தீவு. நீளம் இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, உயரம் ஆறு மீட்டர் அளவு. தூரம் 2,556 கடல் மைல். தீவை ஒட்டி அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் இட்டாஸ்கா காத்திருந்தது.

#3 சிற்றலை
இரண்டாவது கேள்வி என் பேட்டை.
விமானத்தில் பேசுவதற்கு இருந்த அலைவரிசைகள் மூன்று: இரவுக்கு 3105 கிலோசைக்கிள் (இன்றைய கிலோஹெர்ட்ஸ்), பகலுக்கு 6210, அவசரத்துக்கு 500. இந்த மூன்றில் 500தான் உயிர்நாடி. அன்றைக்குக் கடலில் போன கப்பல்கள் எல்லாம் அதில் காது வைத்திருக்கும். திசையறியும் கருவிகளும் அந்த அலைக்கு ஏற்றபடியே செய்யப்பட்டவை. ஆனால் 500இல் அலைநீளம் 600 மீட்டர். அதில் தூரத்துக்கு எட்டும்படி அனுப்ப வேண்டுமானால் விமானத்தின் வாலிலிருந்து நீளமான கம்பியைத் தொங்கவிட வேண்டும். அந்தக் கம்பியை மயாமியிலேயே கழற்றிவிட்டார்கள். விமானம் ஏறியதும் அதைச் சுற்றி இறக்கி, இறங்கும் முன் மறுபடி சுற்றி ஏற்ற வேண்டும். தொல்லை பிடித்த வேலைதான், ஆனால் அது போனதோடு 500ம் போனது.
இட்டாஸ்கா கேப்டனுக்கு இது தெளிவாகத் தெரிவிக்கப்படவில்லை. அமீலியா 500க்கு வருவார் என்ற நினைப்பிலேயே கப்பல் இருந்தது.
அடுத்தது இதைவிட மோசம். விமானி அறைக்கு மேலே வட்டமாக ஒரு லூப் ஆண்டெனா இருந்தது. அதைக் கையால் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் சத்தம் அடங்கும். அந்த இடத்துக்கு "மினிமம்" என்று பெயர், நிலையம் இருக்கும் திசை அதிலிருந்து கிடைக்கும். நடுத்தர அலையில், அதாவது சில நூறு கிலோசைக்கிளில் இது அழகாக வேலை செய்யும். அமீலியா இட்டாஸ்காவிடம் கேட்டது 7500 கிலோசைக்கிள்! அது 40 மீட்டர் சிற்றலை. வானில் முட்டித் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் கலந்து அடிக்கும். லூப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் அடங்காது.
காலை 8 மணிக்கு (கப்பல் நேரம்) அவரே சொல்லிவிட்டார், சிக்னல் கேட்கிறது, மினிமம் கிடைக்கவில்லை என்று. முழுப் பயணத்திலும் இட்டாஸ்காவின் சத்தம் அவர் காதில் விழுந்ததாக லாகில் பதிவானது அந்த ஒரு முறைதான்.

#4 வெண்மேகம்
7500 என்று ஏன் கேட்டார்? கூடவே அனுபவசாலி நூனன் இருந்தாரே.

#5 சிற்றலை
வழியில் நிறுத்தியிருந்த ஒன்டாரியோ கப்பலிடம் 400 கிலோசைக்கிள் கேட்டிருக்கிறார். அது லூப்புக்குச் சரியான அலை. அதே தந்தியில் இட்டாஸ்காவுக்கு 7.5 மெகாசைக்கிள், அதாவது 7500 கிலோசைக்கிள் என்று இருக்கிறது. அலைநீளத்தையும் அலைவெண்ணையும் குழப்பிக்கொண்டார் என்று ஒரு விளக்கம் உண்டு. 400 கிலோசைக்கிளின் அலைநீளம் 750 மீட்டர். 750, 7.5 என்று எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அது பொருந்துகிறது. நிரூபிக்க முடியாது.
நூனன் சூரியன், நட்சத்திரம் பார்க்கும் ஆள். ரேடியோ அவர் துறை இல்லை. மார்ச் முயற்சியில் கூட வந்த ஹாரி மானிங்தான் மோர்ஸில் (தந்திக் குறியீட்டில்) கைதேர்ந்தவர், ஹவாய் விபத்துக்குப் பிறகு விலகிவிட்டார். மிஞ்சிய இருவருக்கும் மோர்ஸ் சரளமாக வராது. கப்பலோ ராத்திரி முழுக்கக் குரலோடு மோர்ஸிலும் அனுப்பிக்கொண்டிருந்தது.
லேயில் ஜூலை 1 சோதனைப் பறப்பிலேயே லூப்பில் மினிமம் கிடைக்கவில்லை. நிலையத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் அப்படி என்று சொல்லி விட்டுவிட்டார்கள். 50 மைல் தள்ளிப் போய் இன்னொரு தரம் திருப்பிப் பார்த்திருந்தால் கோளாறு அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

#6 கார்புரேட்டர்
குரல் கேட்காததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்களே, வயிற்றுப்பக்க ஆண்டெனா?

#7 சிற்றலை
ஆமாம். லேயில் புறப்படும்போது எடுத்த படச்சுருள் இருக்கிறது. ஓடுதளத்தில் விமானம் போகையில் அடியில் புழுதி கிளம்புவதுபோல ஒரு பொட்டு. வயிற்றுப்பக்கக் கம்பி தரையில் தட்டி அறுந்ததாக ஒரு சாரார் வாதம். அந்தக் கம்பி வழியாகத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றால் எல்லாம் பொருந்துகிறது: அனுப்புவது மேல் ஆண்டெனா, அது நன்றாக இருந்தது. கேட்பது கீழ் ஆண்டெனா, அது போனது. 7500க்காக லூப்புக்கு மாற்றியதும் மட்டும் சத்தம் வந்தது. படத்தை மட்டும் நம்பி அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் நோய்க்குறி இதுதான்.

#8 அகலாங்கு
157-337 பற்றி நான் எழுதுகிறேன்.
ஜூலை 2 அன்று ஹௌலாண்டில் சூரியன் உதிப்பது வடக்கிலிருந்து வலமாக 67 டிகிரியில். கணக்கு எளிது: நிலநடுக்கோட்டுப் பக்கம், சூரியன் 23 டிகிரி வடக்கே, 90 கழித்தல் 23. அடிவானத்திலிருந்து சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று செக்ஸ்டன்டில் அளந்தால் நாம் இருக்கும் புள்ளி கிடைக்காது, ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தாக விழும். 67 கூட்டல் 90, 157. எதிர்ப்பக்கம் 337. ஆக 157-337 என்பது விடியலில் நூனன் எடுத்த சூரியக் கோடு.
இந்தக் கோடு கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லும். வடக்கே இருக்கிறோமா தெற்கே இருக்கிறோமா என்று சொல்லாது. அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு வேண்டும், நட்சத்திரமோ ரேடியோ திசையோ. இரவில் வானம் மூடியிருக்கிறது என்று 2:45க்கே அவர் குரல் வந்தது. ரேடியோ திசை என்ன ஆனது என்று மேலே பார்த்தோம்.
எனவே அந்தக் கோட்டைத் தீவு வரை நகர்த்திக்கொண்டு வந்து, அதன்மேல் வடக்கும் தெற்குமாக ஓடித் தேடுவதுதான் செய்யக்கூடியது. 8:43க்கு அவர் சொன்னதும் அதையேதான்: 157-337 கோட்டில் இருக்கிறோம், வடக்கு தெற்காக ஓடுகிறோம்.
குரோனோமீட்டரில் (துல்லியக் கடிகாரத்தில்) ஒரு விநாடி பிசகினால் கால் கடல் மைல். லேயில் நேர சிக்னல் பிடிக்க நூனன் ஒரு நாள் காத்திருந்தது அதனால்தான். அந்தக் காலத்து வரைபடத்தில் ஹௌலாண்டே ஐந்தாறு கடல் மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. திசையில் ஒரு டிகிரி பிசகு இருந்தால் இத்தனை தூரத்துக்குப் பக்கவாட்டில் 39 கடல் மைல்.
1,000 அடியில் பறந்தால் அடிவானம் 37 கடல் மைல் தள்ளி இருக்கும், ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். முகத்துக்கு நேரே காலைச் சூரியன். கீழே சிதறிய மேகங்கள், ஒவ்வொன்றின் நிழலும் கடலில் ஒரு தீவு மாதிரி கிடக்கும். மரமில்லாத, தட்டையான ஒரு மணல்திட்டை அந்த நூறு நிழல்களுக்கு நடுவே பிரித்தறிய வேண்டும்.

#9 கார்புரேட்டர்
பெட்ரோல் கணக்கு. லேயில் முழுசா நிரப்பவில்லை. ஒரு டேங்கில் 100 ஆக்டேன் பெட்ரோல் பாதிக்குமேல் இருந்தது. அது டேக்-ஆஃப் சக்திக்காக வைத்திருந்தது. சாதா பெட்ரோலை அதில் கலந்தால் அது கெட்டுப்போகும், அதனால் அப்படியே விட்டார்கள். மொத்தம் சுமார் 1,100 கேலன், 4,160 லிட்டர். பெட்ரோல் மட்டுமே 3,000 கிலோ.
லாக்ஹீட் பொறியாளர் கெல்லி ஜான்சன் மார்ச்சில் கொடுத்த அட்டவணை, ஒரு மணிக்கு எத்தனை கேலன் என்று: ஏறும் முதல் மணி 100. அடுத்த மூன்று மணி 60. அடுத்த மூன்று 51. அடுத்த மூன்று 43. அப்புறம் கடைசிவரை 38. விமானம் எடை குறையக் குறைய எஞ்சின் சுற்றைக் குறைத்துக்கொண்டே வரணும், 1,900இல் தொடங்கி 1,600 வரை. கலவையை மெலிதாக்கப் புகைப்போக்கி வாயுவை அளக்கும் கேம்பிரிட்ஜ் மீட்டர் இருந்தது.
கூட்டிப் பாருங்கள். 10 மணி நேரத்தில் 562. 8:43 என்பது கிரீன்விச் 20:13. மீதி 10.2 மணிக்கு 388. ஆக 950 போச்சு, 150 மிச்சம். 38 வீதம் நாலு மணி நேரம் ஓடும்.

#10 கடலடி
கார்புரேட்டர் அண்ணே, அட்டவணையை மதிக்கிறேன், ஆனால் அது காற்றில்லாத வானத்தில், 8,000 அடியில், சொன்னபடி ஓட்டினால்தான். அன்றைக்கு அப்படி ஓட்டினார்களா?
கிரீன்விச் 5:19க்கு 10,000 அடியில் இருப்பதாகச் செய்தி. வண்டி முழுக்கப் பெட்ரோலோடு, மேகத்தைத் தாண்ட அவ்வளவு உயரம் ஏறினால் ஐந்தாவது மணியில் 51 கேலனில் முடியாது. 7:18க்கு 8,000 அடி, காற்று 23 நாட் (மணிக்கு 23 கடல் மைல்) என்கிறார். அப்போது கொடுத்த இடம் லேயிலிருந்து சுமார் 740 கடல் மைல், அதாவது சராசரி 101 நாட்தான். எதிர்காற்றை ஈடுகட்டக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.
எல்லாவற்றையும்விட காலை 7:42க்கு (கப்பல் நேரம்) அவர் வாயால் வந்தது: உங்கள் மேலேயே இருக்கவேண்டும், காணவில்லை, பெட்ரோல் குறைகிறது. இன்னொரு ஆபரேட்டரின் லாகில் அரை மணிதான் மிச்சம் என்றே எழுதியிருக்கிறது. நாலு மணி நேரம் கையில் இருக்கும் விமானி அப்படிப் பேசுவாரா?
சராசரி 47 கேலன் என்றால் உங்கள் கணக்கு. 53 என்றால் 20 மணி 45 நிமிடத்தில் டேங்க் காலி. மொத்தச் சண்டையும் மணிக்கு அந்த ஆறு கேலனில் இருக்கிறது.

#11 கார்புரேட்டர்
அரை மணி என்று சொல்லி ஒரு மணி கழித்து 8:43க்குப் பேசினாரே. அப்போ அந்த "அரை மணி" தப்பாக் காதில் விழுந்திருக்கணும், இல்லை தன் சேமிப்பை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கணும். மற்றபடி 10,000 அடி ஏற்றம் பற்றிச் சொன்னது சரி, அதற்கு 20, 25 கேலன் கழித்துக்கொள்கிறேன். அதற்குமேல் தரமாட்டேன்.
இடக்குறிப்பு விஷயம்: செய்தி அனுப்பிய நேரம் வேறு, நூனன் இடம் கணித்த நேரம் வேறாக இருக்கலாம். 101 நாட்டை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள்.

#12 நீலாம்பல்
ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள், சைபானில் சிறை வைத்தார்கள் என்பதை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தீர்களா?

#13 திசைமானி
மார்ஷல் தீவுகளின் மிலி பவளத்தீவு ஹௌலாண்டிலிருந்து வடமேற்கே சுமார் 750 கடல் மைல். ஆறு மணி நேரப் பறப்பு. கார்புரேட்டர் கணக்கில்கூட அதற்குப் பெட்ரோல் இல்லை. 2017இல் ஆதாரம் என்று டிவியில் காட்டிய ஜாலுயிட் படகுத்துறைப் புகைப்படம் 1935இலேயே ஜப்பானியப் பயண நூலில் அச்சானது. அமீலியா காணாமல் போனது 1937. இதோடு இதை விட்டுவிடலாம்.

#14 நீலாம்பல்
சரி, நிக்குமரோரோ தீவில் இறங்கினார் என்பார்களே? அது அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறதே.

#15 அகலாங்கு
இருக்கிறது, அதனால்தான் அந்த வாதம் சாகாமல் இருக்கிறது. அப்போது பெயர் கார்ட்னர் தீவு. ஹௌலாண்டிலிருந்து 159 டிகிரியில், 350 கடல் மைல். மூன்று மணி நேரம். கோட்டில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் கண்ணில் பட வாய்ப்புண்டு. ஆனால் வழியில் 37 கடல் மைலில் பேக்கர் தீவு இருக்கிறது. அதைப் பார்த்திருந்தால் ஹௌலாண்டு எங்கே என்று அப்போதே தெரிந்திருக்கும்.
ஜூலை 9 அன்று கொலராடோ போர்க்கப்பலின் மூன்று விமானங்கள் கார்ட்னர்மேல் சுற்றின. சமீபத்தில் ஆள் இருந்த அடையாளம் தெரிகிறது என்று எழுதினார்கள். விமானம் தெரியவில்லை. 1929இல் அங்கே தரைதட்டிய நார்விச் சிட்டி கப்பலின் ஆட்கள் கரையில் தங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.
1940இல் பிரிட்டிஷ் அதிகாரி கல்லகர் சில எலும்புகள், ஒரு செக்ஸ்டன்ட் பெட்டி, ஷூவின் பகுதி ஆகியவற்றைக் கண்டெடுத்தார். பிஜியில் டாக்டர் ஹூட்லெஸ் அளந்து ஆண் என்றார். 2018இல் மானுடவியலாளர் ரிச்சர்ட் ஜான்ட்ஸ் அதே அளவுகளை வைத்து அமீலியாவோடு நன்றாகப் பொருந்துகிறது என்றார். எலும்புகள் தொலைந்துவிட்டன. கையில் இருப்பது மேல்கை, முன்கை, கால் எலும்புகளின் மூன்று நீள அளவுகளும் மண்டையோட்டின் நாலு அளவுகளும்தான்.

#16 சிற்றலை
காணாமல் போன பின்னும் சிக்னல் கேட்டதாகச் சொல்வது பற்றி ஒரு வரி. டிரான்ஸ்மிட்டர் பேட்டரியில் ஓடுவது, வெகுவாக மின்சாரம் இழுக்கும். பேட்டரியை நிரப்ப எஞ்சின் ஓடியாக வேண்டும். கடலில் மிதக்கும் விமானத்தில் அது நடக்காது. ஆக அந்தச் சிக்னல்களில் ஒன்றாவது உண்மை என்றால் விமானம் தரையில், சக்கரத்தில் நின்றிருக்கிறது. புரளி, தப்பாகக் கேட்டது, இட்டாஸ்கா கூப்பிட்டதை வேறொருவர் கேட்டது என்று கழித்தால் எத்தனை மிஞ்சும் என்பதில்தான் தகராறு.

#17 கடலடி
டைட்டானிக்கைக் கண்டுபிடித்த பல்லார்டே 2019இல் நிக்குமரோரோவைச் சுற்றித் துழாவினார். ஒன்றும் இல்லை.
எனக்கு இட்டாஸ்கா லாகில் 7:42க்கும் 8:43க்கும் குரல் பலமாகக் கேட்டது என்பதே போதும். பக்கத்தில் வந்தார், பார்க்கவில்லை, கடலில் இறங்கினார். அங்கே ஆழம் 5,000 மீட்டர் அளவு. இறங்கிய இடம் 30 கடல் மைல் வட்டத்தில் எங்கே என்று தெரியாமல் தேட வேண்டிய பரப்பு 2,800 சதுர கடல் மைல். ஆழ்கடலில் தேடும் நாட்டிகோஸ் கம்பெனி மூன்று முறை போய்வந்தும் கிடைக்காததற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

#18 வெண்மேகம்
நான் முதலில் சொன்ன 2024 சோனார் குழு, நூனன் தேதிக்கோட்டைத் தாண்டியதை மறந்து 60 மைல் பிசகினார் என்ற கணக்கை வைத்துத்தானே தேடினார்கள்? அது நடக்கக்கூடியதா?

#19 அகலாங்கு
பாதி நடக்கக்கூடியது. வழிகணிப்பாளர்கள் பார்க்கும் வானியல் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் தள்ளிப் பார்த்தால் நட்சத்திரங்களின் இடம் சுமார் ஒரு டிகிரி மாறும், அது 60 கடல் மைல். ஆனால் சூரியனின் இடம் ஒரு நாளில் சில நிமிடக்கோணம்தான் மாறும், பிசகு நாலைந்து கடல் மைலுக்குள் நின்றுவிடும். அவர்கள் கடைசியாக நம்பியது சூரியக் கோடு. இரவில் நட்சத்திரத்தில் தப்பு செய்திருந்தாலும் விடியலில் அது திருந்தியிருக்கும். போதாததற்குப் பஞ்சாங்கம் கிரீன்விச் தேதியில் இருப்பது, தேதிக்கோட்டைத் தாண்டினாலும் அது மாறாது.

#20 கார்புரேட்டர்
திசைமானி, #2இல் 2,556 கடல் மைல் என்று போட்டிருக்கீங்க. அது சாதாரண மைல். கடல் மைலில் சுமார் 2,220. இப்போ 7:42 வரை 19.2 மணி நேரத்துக்கு வகுத்தா 116 நாட் வருது. அவர் ஓட்ட நினைத்தது மணிக்கு 150 மைல், அதாவது 130 நாட். ஆக சராசரி எதிர்காற்று 14 நாட்.

#21 திசைமானி
என் தப்புதான், #2ஐத் திருத்திக்கொள்ளுங்கள். அப்படியானால் கடலடிக்கு ஒரு கேள்வி. முதல் 7 மணி 18 நிமிடத்தில் 740 கடல் மைல்தான் என்றால் மீதி 1,480ஐ 12 மணிக்குள் கடந்திருக்கிறார்கள், சராசரி 124 நாட். பின்பாதியில் காற்று அவ்வளவு தணிந்ததா, இல்லை 740 என்பதே பழைய இடக்குறிப்பா?

#22 கடலடி
பழைய இடக்குறிப்பு என்று ஒப்புக்கொண்டால் முன்பாதியில் கார்புரேட்டர் அண்ணன் சொன்ன வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இன்றைக்கு அதை ஒப்புக்கொள்வதாக இல்லை. 10,000 அடி ஏற்றத்துக்கு அவர் கொடுத்த 25 கேலனை முதலில் 40 ஆக்கட்டும், பிறகு பார்ப்போம்.